எல்லாம் ஒரே பெட்டியில்: ஸ்ட்ரீமிங் ஆம்ப்ளிஃபையர் வாங்கலாமா? நீலகிரி வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். சுவிட்ச் போர்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே, பாட்டு கேட்க என்ன வாங்கலாம் என்ற பேச்சு வந்துவிடும். என் வீட்டில் இப்படி ஒரு பெட்டி சில வருஷமாக ஓடுகிறது என்பதால் கோத்தகிரி, கேத்தி, அருவங்காடு பக்கமிருந்தும் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

"தம்பி, முதல்ல அது என்னன்னு சொல்லு. சாதாரண ஆம்ப்ளிஃபையருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

ஆம்ப்ளிஃபையரின் வேலை சின்ன சிக்னலைப் பெரிதாக்கி ஸ்பீக்கரை ஆட்டுவது. அந்தச் சின்ன சிக்னலை டேப்போ சிடி பிளேயரோ கொடுக்க வேண்டும். ஸ்ட்ரீமிங் ஆம்ப்ளிஃபையரில் மூன்று சாமான்கள் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன: வைஃபை வழியாகப் பாட்டை இறக்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அந்த எண்களை ஒலி சிக்னலாக மாற்றும் சர்க்யூட், கடைசியில் ஆம்ப்ளிஃபையர். பின்னால் கரண்ட் ஒயரையும் இரண்டு ஸ்பீக்கர் ஒயரையும் மாட்டினால் போதும். போன்தான் ரிமோட்.

வீம் ஆம்ப், புளூசவுண்ட் பவர்நோட், சோனோஸ் ஆம்ப், கேம்பிரிட்ஜ் ஆடியோ ஈவோ, நெய்ம் யூனிட்டி ஆட்டம் எல்லாம் இந்த ஜாதிதான். விலையில் மடுவுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். செய்கிற வேலை ஒன்றுதான்.

"அப்போ புளூடூத் ஸ்பீக்கர்தானே? அது எங்கிட்டயே இருக்கே."

இல்லை. புளூடூத்தில் பாட்டு உங்கள் போன் வழியாகப் போகிறது. போன் அடித்தால் பாட்டு நிற்கும், போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனால் பாட்டு அறுந்துவிடும். ஸ்பாடிஃபை கனெக்ட், குரோம்காஸ்ட் போன்ற வழிகளில் போன் "இந்தப் பாட்டைப் போடு" என்று சொல்வதோடு சரி. பெட்டி தானே இணையத்திலிருந்து பாட்டை எடுத்துக்கொள்ளும். ஒரு பாட்டு ஓடும்போதே மார்க்கெட்டுக்குப் போன வீட்டுக்காரரிடம் போனில் பேசலாம். பழகிவிட்டால் புளூடூத்துக்குத் திரும்ப மனசு வராது.

"ஸ்பீக்கரும் அதுலயே வந்துடுமா?"

வராது, தனியாக வாங்க வேண்டும். காசு அளவோடுதான் இருக்கிறது என்றால் ஸ்பீக்கருக்குக் கூடுதலாக ஒதுக்குங்கள். காதுக்குத் தெரிகிற வித்தியாசத்தில் பெரும்பங்கு ஸ்பீக்கரிலும், அதை வைக்கிற இடத்திலும்தான். ஒயருக்கு நிறையச் செலவு செய்ய வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை ஐந்து மீட்டர் இழுத்தாலும் போய்த் திரும்ப ஏறத்தாழ 0.07 ஓம் தடைதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

"அறுபது வாட்னுதான் போட்டிருக்கு. எங்க வீட்டு பழைய செட்ல ஆயிரம் வாட்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே?"

அந்த ஆயிரம் பி.எம்.பி.ஓ. கணக்கு. கண் இமைக்கும் நேரம் எட்டக்கூடிய உச்சத்தைக் கூட்டிப் பெருக்கி விற்பனைக்காக அச்சடித்தது. தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட்டைத்தான் பார்க்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கரில், ஒரு பக்கத்துக்கு வீம் ஆம்ப் 60 வாட், பவர்நோட் (என்330 மாடல்) 80, சோனோஸ் ஆம்ப் 125. ஈவோவில் இரண்டு மாடல். பெயரிலேயே 75, 150 என்று இருக்கிறது. யூனிட்டி ஆட்டம் விலையில் இவற்றில் பலதைத் தாண்டும். அதுவோ 40 வாட்.

சாதாரண ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் போல வரும். நாம் உட்கார்ந்து பேசுவது 60 டெசிபெல்தான். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல். அதனால் 60-க்கும் 80-க்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைக் காது கண்டுபிடிப்பது கஷ்டம். நம் ஊர் ஹாலுக்கு 60 தாராளம்.

"கிளாஸ் டி-ன்னு போட்டிருக்கு. அது மட்டமான சரக்குன்னு கடைக்காரர் சொன்னாரு."

இருபது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும். கிளாஸ் டி டிரான்சிஸ்டரை முழுக்கத் திறப்பதும் மூடுவதுமாக வேகமாக இயக்கும் முறை. எடுக்கும் மின்சாரத்தில் 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்கே போகும். பழைய முறையில் பாதிக்குப் பாதி சூடாக வீணாகும். சூடு குறைவு என்பதால்தான் இத்தனையையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடக்க முடிகிறது. இன்று நல்ல கிளாஸ் டி-யும் உண்டு, மோசமானதும் உண்டு. எழுத்தை வைத்துத் தள்ளிவிட வேண்டாம்.

"எங்க ஹட்டியில (படுகர் கிராமம்) நெட் வரும் போகும். இது ஒத்து வருமா?"

இது நம் மலைக்கு முக்கியமான கேள்வி. பாட்டுக்கு வேகம் அதிகம் தேவையில்லை, அறுபடாமல் வந்தால் போதும். நொடிக்கு 320 கிலோபிட் (கே.பி.பி.எஸ்.) தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 144 எம்பி ஆகும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தரும் சிம் என்றால் பத்து மணி நேரம் கேட்கலாம். சிடி தரத்தில் இழப்பில்லாமல் கேட்டால் மணிக்கு 300 முதல் 450 எம்பி. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று விளம்பரம் செய்யும் உச்சத் தரம் மணிக்கு 2 ஜிபியைத் தாண்டும்.

320-க்கும் சிடி தரத்துக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று, எது எதுவென்று தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டு வீட்டில் எல்லோரும் கேட்டுப் பார்த்தோம். யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. நெட் மெலிந்த இடத்தில் செயலியின் அமைப்புக்குப் போய்த் தரத்தை ஒரு படி குறைத்து வையுங்கள். பாட்டு நடுவில் நிற்பதைவிட அது மேல்.

போன் ஹாட்ஸ்பாட்டை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அந்தப் போன் வெளியே போனால் பெட்டி அநாதை. ஹாட்ஸ்பாட் கொடுக்கும் போனும் பெட்டியும் சில நேரம் ஒன்றையொன்று கண்டுகொள்ளவும் மாட்டா. சிம் போடும் சின்ன ரவுட்டர் ஒன்றை வாங்கி, டவர் தெரியும் ஜன்னலில் வையுங்கள். கேத்தி பள்ளத்தில் ஒரு வீட்டில் ரவுட்டரை அலமாரியிலிருந்து எடுத்து, கிழக்கு ஜன்னல் கட்டையில் வைத்ததுமே பிரச்சினை தீர்ந்தது.

"நெட்டே இல்லாத அன்னிக்கு பெட்டி சும்மா கிடக்குமா?"

வாங்கும்முன் பின்பக்கத்தைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். யூஎஸ்பி துளை இருந்தால் பென்டிரைவில் பாட்டை ஏற்றி வைத்துக் கேட்கலாம். லைன் இன் (வெளிக் கருவியின் ஒலியை வாங்கும் துளை) இருந்தால் பழைய சிடி பிளேயரை மாட்டலாம். வீட்டு வைஃபை ஓடினால் இணையம் இல்லாமலேயே கம்ப்யூட்டரில் உள்ள பாட்டுகளையும் இழுத்துக்கொள்ளும்.

சில பெட்டிகளை முதல் தடவை அமைக்கும்போது இணையம் கட்டாயம் வேண்டும். மழைக்காலத்தில் கேபிள் அறுந்து கிடக்கும் வாரத்தில் புதுப் பெட்டியைப் பிரித்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

"பழைய பங்களா. சுவரு ரெண்டடி கனம். ரவுட்டர் ஹால்ல, பாட்டு பின் ரூம்ல."

கருங்கல் சுவரில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சீக்கிரம் செத்துவிடும், 2.4 கொஞ்சம் ஊடுருவும். பெட்டியை 2.4-இல் இணைத்துப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் ரவுட்டரிலிருந்து பெட்டிவரை வீட்டுக்குள் ஒரு லேன் கேபிள் இழுப்பதுதான் நிரந்தர வழி. சீலிங் பலகைக்கு மேலே கொண்டுபோனால் சுவரை அதிகம் துளைக்க வேண்டாம்.

"இடி மின்னலுக்கு இது தாங்குமா அண்ணா?"

தாங்காது. எந்தப் பெட்டியும் தாங்காது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஓர் ஐப்பசி மாலை, வடகிழக்குப் பருவமழை நேரம். வானம் கறுத்ததும் வழக்கம்போல் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். லேன் கேபிளை மறந்துவிட்டேன். அது கம்பத்திலிருந்து சில்வர் ஓக் மரங்கள் வழியாகத் தொங்கி வந்த செம்புக் கேபிளின் சங்கிலியில் கடைசிக் கண்ணி. எதிர்ச் சரிவில் இடி இறங்கியது. மறுநாள் பெட்டி ஓடியது, பாட்டு மட்டும் வரவில்லை. லேன் துளைக்குப் பக்கத்தில் மினுக்கும் சின்னப் பச்சை விளக்கு எரியவே இல்லை. திறந்து பார்த்தால், துளைக்குப் பின்னால் இருந்த குண்டூசித் தலை அளவு பாகம் ஒன்று கறுத்து வெடித்திருந்தது. மெயின் போர்டையே மாற்ற வேண்டும், பெட்டி விலையில் பாதி ஆகும் என்றார்கள். விட்டுவிட்டேன். வைஃபையில் இன்றுவரை ஓடுகிறது.

அதிலிருந்து எல்லோருக்கும் சொல்வது: மின்னல் நேரத்தில் கரண்ட், லேன், டிவி ஒயர் மூன்றையும் பிடுங்குங்கள். கண்ணாடி இழை ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. செம்புக் கேபிள் இருந்தால் ஃபைபருக்கு மாறிவிடுங்கள். ஆனால் ஃபைபரோடு தாங்கலுக்காக ஓர் இரும்புக் கம்பி வரும். அதை வீட்டுக்குள் விடாமல் வெளிச்சுவரிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.

வோல்டேஜ் எகிறலைத் தடுக்கும் ஸ்பைக் கார்டு வாங்கும்முன் எர்த்தைச் சோதியுங்கள். எர்த் இல்லாத வீட்டில் ஸ்பைக் கார்டு பெரும்பாலும் அலங்காரம்தான். நம் மலையில் சில இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும், அங்கே எர்த் குழி ஒழுங்காக அமைவது கஷ்டம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பெட்டி அப்புறம்.

"மரம் விழுந்து கரண்ட் போய்ப் போய் வருது. இன்வெர்ட்டர்ல ஓட்டலாமா?"

ஓட்டலாம். இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சில ஆம்ப்ளிஃபையர்கள் "கொர்ர்" என்று உறுமும், உள்ளே சூடும் ஏறும். ரவுட்டரையும் அதே இன்வெர்ட்டரில் மாட்டுங்கள். பெட்டி மட்டும் உயிரோடு இருந்து வைஃபை போனால் என்ன பிரயோசனம்? கரண்ட் வந்ததும் உடனே பிளக்கைச் சொருகாமல் ஐந்து நிமிஷம் பொறுங்கள். வரும்போது வோல்டேஜ் எகிறி வருவது இங்கே வாடிக்கை.

"மேனுவல்ல 2000 மீட்டருக்கு மேல பயன்படுத்தக்கூடாதுன்னு போட்டிருக்கு. நாங்க ஊட்டியில இருக்கோமே?"

நன்றாகப் படித்திருக்கிறீர்கள், பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. வீட்டு மின்சாதனப் பாதுகாப்பு விதிகள் பொதுவாக 2000 மீட்டர் உயரம் வரை என்ற கணக்கில் வகுக்கப்பட்டவை. குன்னூர் ஏறத்தாழ 1850 மீட்டர், கோட்டுக்குள் வந்துவிடும். ஊட்டி 2240, தாண்டிவிடும்.

காரணம் காற்று. ஊட்டியில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட நான்கில் ஒரு பங்கு போலக் குறைவு. தண்ணீர் அங்கே 100 டிகிரிக்குப் போகாமல் 92, 93-லேயே கொதித்துவிடுவதும் இதனால்தான். மெல்லிய காற்று சூட்டைக் குறைவாகவே எடுத்துச்செல்லும். இரண்டு மின்முனைகளுக்கு நடுவே தீப்பொறி தாவுவதும் அதில் கொஞ்சம் சுலபம். ஸ்பீக்கர் தள்ளும் காற்றும் மெலிந்தது என்பதால் சத்தமும் ஏறத்தாழ 2 டெசிபெல் குறையும். அது வால்யூமை ஒரு துளி கூட்டினால் சரியாகிவிடும்.

ஊட்டியில் ஆம்ப்ளிஃபையர் ஓட்டும் வீடுகள் எத்தனையோ இருக்கின்றன, அதனால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மேனுவலில் 5000 மீட்டர் வரை என்று எழுதியிருக்கும் மாடல் கிடைத்தால் அதை எடுங்கள். பெட்டியைச் சுற்றி நான்கு விரற்கடை இடம் விடுங்கள், மூடிய அலமாரியில் வைக்காதீர்கள். குளிர் ஊர்தானே என்று சூட்டை அலட்சியம் செய்துவிட வேண்டாம்.

"எங்க வீட்ல தோல் செருப்புக்கே பூஞ்சை பிடிக்கும். இது என்னாகும்?"

பெட்டியைவிட ஸ்பீக்கர்தான் பாவம். கூம்பைச் சுற்றி இருக்கும் வளையம் ஃபோம் என்றால் சில வருஷத்தில் கைபட்டால் உதிரும் தூளாகிவிடும். ரப்பர் வளையம் உள்ளதை வாங்குங்கள். விரலால் தொட்டாலே தெரியும்: ஃபோம் பஞ்சு போல அமுங்கும், ரப்பர் வழுவழுப்பாக இழுபடும்.

பெட்டியை வாரம் இரண்டு மூன்று நாளாவது ஓட்டுங்கள். உள்ளே வரும் இளஞ்சூடே ஈரத்தை விரட்டும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில்தான் ஸ்பீக்கர் முனைகளில் பச்சை பூக்கிறது. வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம், மழைமாதத்தில் அந்தச் சுவர் வேர்க்கும்.

"எங்க வீடு மரத்தரை, மேல தகரம். நல்லா கேட்குமா?"

மரத்தரை தபேலா மாதிரி. அதற்குக் கீழே வெற்றிடம் இருப்பதால் அடிக்குரல் சத்தத்துக்குத் தரையே கூடச் சேர்ந்து அதிரும். கோத்தகிரி பக்கம் ஒரு வீட்டில் தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர்களை வாங்கி வைத்திருந்தார்கள். மிருதங்கத்தின் தொப்பி ஒலி மட்டும் "ஊம்" என்று ஒரே மாதிரி நீண்டு, மேசையில் டம்ளர் நடுங்கியது. ஆம்ப்ளிஃபையர் கோளாறு என்று நினைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கீழே தடிமனான கடப்பாக்கல் பலகை, அதற்கும் கீழே மடித்த கயிற்றுப்பாய் போட்டோம். சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் இழுத்தோம். அடிகள் தனித்தனியாகப் பிரிந்து கேட்டன. இப்படிப்பட்ட வீட்டுக்குச் சின்ன ஸ்பீக்கரே பொருத்தம். பெட்டியில் அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும் வசதி இருந்தால் அதுவும் உதவும். ஆனால் கல்லும் பாயும் முதலில்.

தகரக் கூரையில் ஆனி, ஆடி மழை பெய்யும்போது எதுவும் ஜெயிக்காது. வால்யூமை ஏற்றிப் போராடுவதற்குள் ஸ்பீக்கர் களைத்துவிடும். அந்த நேரத்துக்கு ஹெட்போன் வேண்டும். அதற்குத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், எல்லாப் பெட்டியிலும் இருக்காது.

"நாங்க பழைய பாட்டெல்லாம் யூடியூப்லதான் கேப்போம். அது வருமா?"

நேராக வராது. வாங்கினபின் தெரிந்து வருத்தப்படுவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. டிவி போன்ற திரையுள்ள கருவிகளுக்குத்தான் யூடியூப் செயலி காஸ்ட் செய்யும், ஒலி மட்டும் தரும் பெட்டி அதன் பட்டியலில் வராது. ஐபோன் இருந்து, பெட்டியில் ஏர்பிளே (ஐபோனிலிருந்து வைஃபையில் ஒலி அனுப்பும் வழி) இருந்தால் அனுப்பலாம். ஆண்ட்ராய்டு என்றால் புளூடூத், அதன் குறைகளை மேலே சொல்லிவிட்டேன்.

சுலபமான வழி, டிவியில் யூடியூபைப் போட்டு டிவியின் ஒலியைப் பெட்டிக்குக் கொண்டுவருவது. ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி என்று எழுதிய துளை இரண்டிலும் இருந்தால் ஒரே கேபிள். டிவி அமைப்பில் ஒலியைப் பிசிஎம் என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பல பெட்டிகளில் சத்தமே வராது, பெட்டி கெட்டுவிட்டது என்று எனக்குப் போன் வரும். வாரத்துக்கு ஓர் அழைப்பாவது இதற்குத்தான்.

"உதகை வானொலி, செய்தி எல்லாம் கேக்க முடியுமா? அம்மாவுக்கு அதுதான் வேணும்."

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் எஃப்எம் கிடையாது. அகில இந்திய வானொலியின் செயலியைப் போனில் திறந்து பெட்டிக்கு அனுப்பிக் கேட்கலாம். ஆனால் எண்பது வயது அம்மாவுக்குப் போனைத் திறந்து, செயலியைத் தேடி, பெட்டியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது கொடுமை. அவருக்கு ஒரு ரேடியோவை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். திருகினால் பாட வேண்டும், அவ்வளவுதான்.

"ரெக்கார்ட் பிளேயர் இருக்கு, அதை இதுல மாட்டலாமா?"

போனோ என்று எழுதிய துளை இருந்தால் நேராக மாட்டலாம். இல்லாவிட்டால் நடுவில் சின்ன போனோ ப்ரீஆம்ப் வேண்டும். ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். லைன் இன் எதிர்பார்ப்பது அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். நேராக மாட்டினால் கொசு பாடுவது போலக் கேட்கும்.

"பையன் அமெரிக்காவுல இருந்து வர்றான். அங்க விலை கம்மி, வாங்கி வரச் சொல்லட்டுமா?"

பின்பக்கத் தகட்டில் 100-240 வோல்ட் என்று இருந்தால் ஓடும். 120 என்று மட்டும் இருந்தால், நம் 230-இல் சொருகிய நொடியே கதை முடிந்துவிடும். ஓடினாலும் வாரண்ட்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். அடுத்த பதிலைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

"ரிப்பேர் ஆனா யாரு பாப்பா?"

மலையில் யாரும் இல்லை. பழைய ஆம்ப்ளிஃபையரை நம் ஊர் ரேடியோ மெக்கானிக் திறந்து, ஒரு டிரான்சிஸ்டரை மாற்றித் தந்துவிடுவார். இதில் உள்ளே இருப்பது கம்ப்யூட்டர் போர்டு. கீழே கோயம்புத்தூருக்குப் போக வேண்டும், அங்கிருந்து வேறு நகரத்துக்கு அனுப்புவார்கள். மழையில் பர்லியார் பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். ஆகவே அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் தூக்கிப்போடாதீர்கள். அது இல்லாமல் அனுப்பினால் மூலை நசுங்கித் திரும்பும். வாங்கும் கடையிடம், வாரண்ட்டிக்குக் கொண்டுபோய் வரும் செலவு யாருடையது என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"எத்தனை வருஷம் உழைக்கும்?"

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இந்தப் பெட்டிக்குள் இரண்டு ஆயுள் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் பகுதிக்கு இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கும் உடம்பு. ஸ்ட்ரீமிங் பகுதியோ, கம்பெனி அப்டேட் அனுப்பும் வரைக்கும்தான். கூகுள் குரோம்காஸ்ட் ஆடியோவின் தயாரிப்பை 2019 ஜனவரியில் நிறுத்தியது. சோனோஸ் 2024 மே மாதம் செயலியை அடியோடு மாற்றியபோது பழகிய வசதிகள் பல காணாமல் போயின. கொதித்துப்போன வாடிக்கையாளர்களைச் சமாளிக்க முடியாமல் திணறி, 2025 ஜனவரியில் அதன் தலைமை நிர்வாகி பேட்ரிக் ஸ்பென்ஸ் பதவி விலகினார். போஸ் 2013-இல் கொண்டுவந்த சவுண்ட்டச் வரிசைக்கு இணையச் சேவையை 2026-இல் நிறுத்தப்போவதாக 2025-இல் அறிவித்தது. பெட்டியில் ஒரு திருகாணிகூடத் தேய்ந்திருக்காது.

சவுண்ட்டச் வைத்திருப்பவர்களுக்கு மிஞ்சுவது ஆக்ஸ் துளை (லைன் இன் போன்றதுதான்), புளூடூத், மாடலைப் பொறுத்து ஏர்பிளே, ஸ்பாடிஃபை கனெக்ட் போன்ற சில வழிகள்தான். அதனால்தான் லைன் இன் இல்லாத பெட்டியை வாங்கவே வாங்காதீர்கள் என்று அடித்துச் சொல்கிறேன். அந்த ஒரு துளை இருந்தால், நாளைக்கு ஸ்ட்ரீமிங் செத்தாலும் வெளியே சின்ன ஸ்ட்ரீமர் (பாட்டை இறக்கும் வேலையை மட்டும் செய்யும் குட்டிப் பெட்டி) ஒன்றை மாட்டி ஆம்ப்ளிஃபையராக இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம்.

"ஹோம்ஸ்டே நடத்துறோம். டைனிங் ஹால்ல வைக்கலாமா?"

கருவியைப் பொறுத்தவரை வைக்கலாம். ஆனால் விருந்தினர் எல்லோரும் அதே வைஃபையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் பாட்டை மாற்றுவார்கள், நடுராத்திரியில் முழு வால்யூமும் வைப்பார்கள். விருந்தினருக்குத் தனி வைஃபை பெயர் போட்டுவிட்டு, பெட்டியை உங்கள் வைஃபையில் வையுங்கள்.

ஸ்பாடிஃபை போன்ற சந்தாக்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும். வியாபார இடத்தில் பாட்டுப் போட ஐ.பி.ஆர்.எஸ்., பி.பி.எல். போன்ற, பாட்டு உரிமைகளைப் பார்த்துக்கொள்ளும் அமைப்புகளிடம் உரிமம் எடுக்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல்தான் அனுமதி. அது ஜன்னல் சாத்தி மெதுவாகப் பேசும் அளவு. காட்டெருமை வந்து நிற்கும் தோட்டத்தில் அந்த அமைதியே விருந்தினர் தேடி வருவது, அதைக் கெடுக்காதீர்கள்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க சார். வாங்கலாமா, வேண்டாமா?"

வீட்டில் ஓடுகிற ஆம்ப்ளிஃபையர் எதுவும் இல்லை, ஸ்பீக்கர் புதிதாகத்தான் வாங்கப்போகிறீர்கள், நெட் ஓரளவு நிற்கிறது, ஒயர் சிக்கல் இல்லாமல் ஒரே பெட்டி வேண்டும் என்றால் வாங்குங்கள். லைன் இன், யூஎஸ்பி, ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி மூன்றும் இருப்பதாகப் பாருங்கள். விலை ஏற ஏற ஆம்ப்ளிஃபையரும் கேபினெட்டும் மெருகேறும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் அதே வேகத்தில்தான் கிழடாகும். அதனால் இந்த ஜாதியில் உச்ச விலைக்குப் போவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

நல்ல ஆம்ப்ளிஃபையர் ஏற்கெனவே இருந்தால் வேண்டாம். உள்ளங்கை அளவு ஸ்ட்ரீமர் ஒன்றை மட்டும் வாங்கிப் பின்னால் மாட்டுங்கள். செலவு நிறையக் குறையும். அது கெட்டால் அதை மட்டும் மாற்றலாம், ஆம்ப்ளிஃபையர் கெட்டால் இங்கேயே ரிப்பேர் பார்க்கலாம். நெட் வாரத்தில் பாதி நாள் இல்லாத எஸ்டேட் வீடு என்றாலும் வேண்டாம். பென்டிரைவ் ஏற்கும் சாதாரண ஆம்ப்ளிஃபையரே போதும்.

"அப்பா வச்சிருந்த பழைய ஆம்ப்ளிஃபையர் பரண்ல கிடக்கு. அதுல போய் ஸ்ட்ரீமரை மாட்ட முடியுமா?"

அருவங்காட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவரின் மகள் கேட்டது இது. போய்ப் பார்த்தேன். மரப்பெட்டி, முன்னால் அலுமினியத் தகடு, வால்யூம் திருகில் அவர் கட்டைவிரல் பட்டுப்பட்டு ஓரிடம் மட்டும் பளபளவென்று இருந்தது. பதினைந்து வருஷமாக ஓட்டாத செட்டை எடுத்ததும் பிளக்கில் சொருகக்கூடாது, உள்ளே கெப்பாசிட்டர் வெடிக்கலாம். முதலில் 100 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டு, அதன் வழியாக மெதுவாகக் கரண்ட் விட்டோம். பல்பு ஒரு நொடி பிரகாசித்து மங்கியது, ஷார்ட் இல்லை. இதை வயரிங் தெரிந்தவரை வைத்தே செய்யுங்கள். அப்புறம் இரண்டு பெரிய கெப்பாசிட்டரை மாற்றி, கரகரத்த வால்யூமில் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை திருகினோம்.

பின்னால் டேப், டியூனர், போனோ என்று மூன்று ஜோடித் துளை இருந்தன. ஸ்ட்ரீமரை டேப் பிளேபேக்கில் மாட்டினேன். போனோவில் மட்டும் மாட்டக்கூடாது, ரெக்கார்ட் பிளேயர் பதிலில் சொன்ன கணக்கு இங்கே தலைகீழாகி ஒலி சிதறிவிடும். அந்த அம்மா போனில் ஒரு நாகஸ்வரக் கச்சேரியைப் போட்டுவிட்டு, வால்யூமைப் போனில் கூட்டாமல் எழுந்து போய் அந்தத் திருகைத் திருப்பினார்.